ஆவுடை வரைந்த கால்கள்

ஆகஸ்ட் 3, சனி

வளைகாப்பு வேலைகளைக் குறித்து வைக்கத்தான் இந்த நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் எழுத வேண்டியது சந்தனம், மஞ்சள், வளையல்காரரின் போன் நம்பர். எழுத வருவது வேறாக இருக்கிறது.

காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டேன். தொட்டி நிறைந்து வழிந்த சத்தம் கேட்டு நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன். வழிகிற தண்ணீர் ஆவுடையின் ஜன்னலை ஒட்டித்தான் கொட்டும். அவள் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

ஆவுடை என் தங்கை. அறுபது வயது. அப்பா கட்டிய இந்த வீட்டில் மாடி அவளுக்கு, கீழே எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். அவள் என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று இல்லை. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எழுதிய கை, தானாக எண்ணுகிறது.

நான் என்ன சொல்லிவிட்டேன்? என் மகள் சுகிர்தாவுக்கு ஆகஸ்ட் முப்பது, வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று முடிவான அன்று, "அன்னைக்கு நீ எப்பவும் போல அரங்குல இருந்து சாமான் எடுத்துக் குடுத்துரு" என்றேன். அரங்கு என்பது எங்கள் வீட்டின் உள் அறை. அரிசி, பாத்திரம், விசேஷச் சாமான் எல்லாம் அங்கேதான். எப்பவும் அவள் செய்கிற வேலைதான் அது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு மேலே போனவள்தான்.

இரவு உணவுக்கு முன் சுகிர்தா சாத்தூரிலிருந்து பேசினாள்.

"அம்மா, எனக்கு மொத வளையல் சித்திதான் போடணும்."

"மொத வளையல் ஒன் மாமியார் போடுவாக. அதுதான் முறை."

"அப்ப ரெண்டாவது."

"அதெல்லாம் சுமங்கலிக போடுறதுடி."

"நீ ஸ்கூலுக்குப் போனப்ப என்னைய வளத்தது யாரும்மா? சித்தி போடலன்னா எனக்கு வளைகாப்பே வேண்டாம்."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இரண்டு வருடத்துக்கு முன்னால் சுகிர்தாவுக்கு நான்காவது மாதத்தில் கலைந்துவிட்டது. அதை இங்கே எழுத வேண்டாம் என்று இருந்தேன். இந்தத் தடவை எந்தக் குறையும் இல்லாமல் நடக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

எதிர்ச்சாரியில் இருக்கும் ராஜகனி மோர்மிளகாய் காயப்போட எங்கள் மொட்டை மாடிக்குப் போனாள். ஆடிக்காற்றில் மிளகாய் பறக்கும் என்றேன், கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து முகம் சிவந்து இறங்கி வந்தாள்.

"டீச்சர், ஒங்க தங்கச்சி ரூமு பூரா என்ன இப்படி பாதம் பாதமா வரஞ்சு வச்சிருக்காக? மூஞ்சி வரைய வராதோ?"

ஆவுடை சிவகாசியில் ஒரு அச்சகத்தில் படம் வரையும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். காலண்டர் லட்சுமிக்கு அவள் வைத்த கண்ணை எத்தனையோ வீடுகள் கும்பிட்டிருக்கும். முகம் வராது என்று சொல்ல முடியாது.

"ஒரு படத்துல ஆம்பளச் செருப்பப் போட்டுக்கிட்டு ஒரு பொம்பளக் காலு. குதிகால்ல வெடிப்பு. அது நாந்தான டீச்சர்? ஊருல வேற எவ புருஷன் செருப்ப மாட்டிக்கிட்டு ரேஷன் கடைக்குப் போறா?"

"சும்மா ஏதாவது காலா இருக்கும்."

"என் காலு எனக்குத் தெரியாதா? இன்னொண்ணுல நாலு காலு, பைப்படியில. ரெண்டு ரெண்டா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக்கிட்டு. பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி பொண்டாட்டிக, அந்த ஓரகத்தியா ரெண்டு பேருந்தான். பாத்தாளுகன்னா சண்டைக்கு வந்துருவாளுக."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்க காலும் இருக்கு டீச்சர். சுண்டுவெரலு பக்கத்து வெரலு மேல ஏறி ஒக்காந்திருக்குமே, அப்படியே இருக்கு. ஒரு கதவுக்கு வெளிய நிக்குது. உள்ள படுத்துக்கிட்டு அடிச்சந்துல பாத்த மாதிரி."

எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை. மிளகாயைத் திருப்பிப் போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பொறுமையாக யோசித்தால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். வகுப்பில் காந்தத்தைக் காட்டிச் சொல்வேன்: இரண்டும் ஒரே இரும்புதான், ஒரே துருவம் என்றால் விலகும். தள்ளுவது காந்தத்தின் குற்றம் இல்லை.

ஆவுடைக்கு இருபத்தாறு வயதில் அவள் வீட்டுக்காரர் லாரி மோதிப் போய்விட்டார். திரும்பி இங்கேயே வந்தாள். அழைத்து வந்தவள் நான். தனியாக விட்டுவிடவில்லை. நான்கு வருடம் கழித்து சுகிர்தா பிறந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், பிள்ளையை யார் பார்ப்பது? சுகிர்தா பள்ளியில் சேரும்வரை ஆவுடை வீட்டிலிருந்தபடியே அச்சக வேலையை வாங்கிச் செய்தாள். பிள்ளை அம்மா என்று சொல்வதற்கு முன் சித்தி என்று சொன்னது. நான் அதற்கு வருத்தப்படவில்லை. ஒரு செடிக்கு இரண்டு பேர் தண்ணீர் ஊற்றினால் நல்லதுதானே.

விசேஷ நாட்களில் மட்டும் அவள் அரங்கில் இருப்பாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்றுதான். சபையில் குங்குமத் தட்டு அவளைத் தாண்டிப் போவதைவிட, அவள் சபையில் இல்லாமல் இருப்பது நல்லதில்லையா. நான் அவளைக் காப்பாற்றினேன்.

தேங்காய் ஐம்பது சொல்லியாகிவிட்டது.

ஆகஸ்ட் 10, சனி

வாசகர் மன்றத்துச் சுவரில் நோட்டீஸ். 'கால்கள் - ஆவுடையம்மாள் வரைந்த ஓவியங்கள். ஆகஸ்ட் 24, 25. அனைவரும் வருக.' வளைகாப்புக்கு ஐந்து நாள் முன்பு. சம்பந்தி வீட்டாருக்கு இந்த ஊரில் பத்து வீட்டில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டீஸில் கையெழுத்து அழகாக இருந்தது. அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வாசகர் மன்றச் செயலாளர் பால்துரை என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தான்.

"நிக்காதீங்க டீச்சர். சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பனே."

நான் ஆவுடையைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. ஓர் உதாரணம்தான் சொன்னேன். "ஊர்த் தொட்டியில ஒரு சொட்டு மை விழுந்தா, விழுந்தது ஒரு சொட்டுதான். ஆனா தெரு பூரா அதக் குடிக்கணும்ல பால்துரை?"

அவன் முகம் மாறியது. "அப்படி என்ன படம் டீச்சர்? மோசமான படமா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தேன், அவ்வளவுதான்.

அவன் மேஜையிலிருந்த நோட்டீஸ் கட்டை இழுப்பறைக்குள் வைத்தான். "சரி டீச்சர். கூடத்துல வயரிங் வேலைன்னு சொல்லிர்றேன்."

"பொய் சொல்ல வேண்டாம்ப்பா."

நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு வயர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவனுக்குக் காட்டினேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆவுடைக்குப் பால்துரையின் போன் வந்துவிட்டது போல. மாடியில் நடமாட்டமே இல்லை. இரண்டு கிலோ உளுந்து, ஒரு கிலோ வெல்லம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலை பத்து மணிக்கு ஆவுடை இறங்கி வந்தாள். முற்றத்தில் நின்றாள். உட்காரவில்லை.

"பால்துரையப் பாக்கப் போனியா?"

"புக்கு திருப்பிக் குடுக்கப் போனேன்."

"என்ன புக்கு?"

வாழ்நாள் முழுதும் கேள்வி கேட்டே பழகியவள் நான்.

"வயரிங்குன்னு சொன்னான். நான் கையோட எலக்ட்ரீசியனக் கூட்டிக்கிட்டுப் போயி நின்னேன். மேல ஏறி அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டு எறங்கிட்டாரு. பால்துரைக்கு என் மூஞ்சியப் பாக்க முடியல. 'டீச்சர் வந்தாகக்கா, நான் என்ன செய்ய'ன்னுட்டான்."

"ஒன் நல்லதுக்குத்தான் ஆவுடை. இப்ப ஒரு பழுத்த பழத்த எடுத்துக்கோ..."

"எனக்கு உதாரணம் சொல்லாத. நான் ஒன் கிளாஸ்ல இல்ல."

"நாலு சொவத்துக்குள்ள நடந்தத நாலு பேரு பாக்க மாட்டி வச்சா ஊரு சிரிக்காதா?"

"யாரு மூஞ்சிய வரஞ்சேன்? காலத்தான வரஞ்சேன். முப்பது வருஷமா இந்த வீட்டு விசேஷத்துல நான் பாத்தது அது மட்டுந்தான். அரங்குக் கதவுக்கு அடியில தெரிஞ்ச காலுக. கொலுசு, மெட்டி, மருதாணி, வெடிப்பு. யாரு சிரிச்சா யாரு அழுதான்னு காலப் பாத்தே எனக்குத் தெரியும். பாத்ததத்தான வரைய முடியும்?"

"யாரு ஒன்னயப் பாக்க வேண்டாம்னா?"

அவள் அரங்குக் கதவைப் பார்த்தாள். வளைகாப்புக்காக ஆசாரியை வைத்து எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டிருந்தேன்.

"தாழ்ப்பாளுக்கு எண்ணெ போட்டிருக்க போல. முன்னால ரொம்பச் சத்தம் போடும்" என்றாள். மேலே போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கு டீ உண்டா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 17, சனி

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு விளக்கம் எழுதி வைக்க வேண்டும், பிறகு யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சுகிர்தா பெரியவளான சடங்கு ஆனி மாதம் நடந்தது. எங்கள் ஊரில் ஆனிக் காற்று பலமாக இருக்கும். அரங்குக் கதவு படார் படாரென்று அடித்தது. அதனால் வெளியே தாழ் போட்டேன். காற்றுக்காகத்தான்.

அவளுக்குப் பெயர் வைத்தது தை மாதம். தையில் காற்று அடிக்குமா என்று அவரிடம் கேட்டேன். அடிக்காது என்றார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சம்பந்தி மரகதவல்லி பேசினார்கள். சாத்தூரில் பெரிய குடும்பம். எதையும் முறைப்படி செய்கிறவர்கள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்காதீக. ஒங்க தங்கச்சி அன்னைக்கி...?"

"அவ மாடியிலயே இருப்பா மதினி."

"அதுக்கில்ல. போன தடவ பிள்ளைக்கு அப்படி ஆச்சுல்ல. மொத மொத சேதி வந்தப்ப அவளுக்கு இனிப்பு ஊட்டுனதே அவுகதானாம். சுகிர்தாவே வெள்ளந்தியாச் சொன்னா. அன்னைலருந்து எனக்கு மனசே சரியில்ல."

கிரகணம் வரும் வருடமெல்லாம் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் ஒரு மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். நிழல் விழுகிறது, அவ்வளவுதான், யாரையும் ஒன்றும் செய்யாது என்று காட்டுவேன். கிரகண நேரத்தில் பிள்ளைகள் முன்னால் அந்த ஆரஞ்சை உரித்துத் தின்றும் காட்டுவேன். பயந்த பிள்ளைக்கு முதல் சுளை.

அந்த இனிப்புக்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று மரகதவல்லியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். சுகிர்தா அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது ஞாபகம் வந்தது.

"சரி மதினி" என்றேன்.

ஆகஸ்ட் 24, சனி

அவள் கண்காட்சி நடக்க வேண்டியிருந்த நாள். நல்ல வெயில். எப்படியும் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சுகிர்தா போனில் அதிகம் பேசவில்லை. "நீ சொல்றபடி வர்றேன். ஆனா சித்தியப் பத்தி எங்கிட்ட இனி பேசாத" என்றாள். பிடிவாதம் தளர்ந்தது நல்லதுக்குத்தான். குழந்தை கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அமைதியாகிவிடும். அது சமாதானமா களைப்பா என்று புது ஆசிரியைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கண்ணாடி வளையல் பதினைந்து டஜன். பச்சை அதிகம், சிவப்பு குறைவு.

ஆகஸ்ட் 29, வியாழன்

நாளைக்குக் கீழே வர வேண்டாம் என்று ஆவுடையிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வரும்படி அவரை மாடிக்கு அனுப்பினேன். போன வேகத்தில் வந்தார்.

"மேலதான் இருப்பாளாம். கீழ எறங்க மாட்டாளாம்."

"அவ்வளவுதானா?"

"மாடி எனக்குள்ளது, அதுல நான் என்ன செஞ்சாலும் டீச்சர் கேக்க முடியாதுன்னு சொல்லிருங்கத்தான்னா."

"டீச்சர்னா சொன்னா?"

"ஆமா."

எள்ளோதரைக்கு எள் வறுத்து வைத்தேன். கொஞ்சம் கருகிவிட்டது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒன்பதரை மணிக்குச் சாத்தூரிலிருந்து வேன் வந்தது. சுகிர்தா பச்சைப் பட்டில் இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. ஏழாம் மாத வீக்கம் என்று மரகதவல்லி சொன்னார்கள். முதலில் வேப்பங்காப்பு, பிறகு மாமியார் கையால் வளையல், அப்புறம் நான். ஒன்பது பேர் போட்டோம். ஒவ்வொருவர் சந்தனம் தடவும்போதும் சுகிர்தா மாடிப்படி இருக்கும் பக்கம் பார்த்தாள். நான் அந்தக் கதவை முன்னாலேயே சாத்தியிருந்தேன்.

எல்லாம் குறையில்லாமல் முடிந்தது. வளையல்காரர் வந்தவர்களுக்கெல்லாம் வளையல் போடத் தொடங்கினார். அப்போதுதான் ராஜகனி வெளிப்படி வழியாக இறங்கி வந்து என் காதருகில் சொன்னாள்.

"மொட்ட மாடி பூரா படம் டீச்சர். மன்றத்துக் கூடத்துல வைக்க வேண்டியத எல்லாத்தையும் மேல வச்சிருக்காக."

காதருகில்தான் சொன்னாள். ஆனால் அவள் குரல் அப்படி. முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் போனார்கள். பிறகு மூன்று பேர், நான்கு பேர். இலை போட்டாகிவிட்டது. ஐந்து வகைச் சாதமும் பரிமாறியாகிவிட்டது. பந்தியில் உட்கார்ந்த பெண்கள் எழுந்து போய் நான் இதுவரை பார்த்ததில்லை. மேலேயிருந்து சிரிப்பு கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. திரும்பிப் பார்த்தால் சுகிர்தாவின் மணை காலியாக இருந்தது. அவளைக் கூட்டி வரத்தான் ஏறினேன்.

படங்களைச் சுவரில் மாட்டவில்லை. கைப்பிடிச் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்திருந்தாள். பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், இல்லையென்றால் உட்கார வேண்டும். பட்டுச்சேலைக்காரிகள் எல்லாரும் தரையில் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் காலைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்தவள் தன் சேலையைக் கொஞ்சம் தூக்கி, படத்தையும் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

பைப்படிப் படத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு ஓரகத்திகள் இரண்டு பேரும் நின்றார்கள். பேசி நான்கு வருடம் ஆனவர்கள்.

"எங் காலு இம்புட்டுக் கருப்பா?" என்றாள் மூத்தவள், யாரிடம் என்றில்லாமல்.

"அது மனசோட கலரா இருக்கும்" என்றாள் இளையவள்.

கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஐந்து சின்னப் படங்கள். சுகிர்தா கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்திலும் ஒரே கதவின் அடி விளிம்பு, ஒரே இடுக்கு, இருட்டுக்குள்ளிருந்து தெரியும் ஒரே வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இரண்டு கால்கள். சேலைக் கரை மட்டும் படத்துக்குப் படம் வேறு.

"இந்த அரக்குக் கரை பேரு வச்ச அன்னைக்கி டீச்சர் கட்டுனது" என்றாள் ராஜகனி. அவள் எந்தச் சேலையையும் மறப்பதில்லை. "இது காது குத்து. மாம்பழக் கலரு சடங்கு. இது நிச்சயம். இந்த அகலச் சரிகை கல்யாணத்துக்கு எடுத்தது, நானுந்தான கடைக்குக் கூடப் போனேன்."

"இது நம்ம அரங்குக் கதவுதான?" என்று சுகிர்தா கேட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சித்திக்கு வேல இருக்கு, வேல இருக்குன்னுதான எப்பவும் சொல்லுவ."

வளையல் எதுவும் குலுங்கவில்லை.

"இந்தம்மாவ உள்ள விட்டுச் சாத்தியா வச்சிருந்தீக, மதினி?" என்று கேட்டது மரகதவல்லி. பத்து நாளுக்கு முன்னால் போன் செய்த அதே மரகதவல்லி.

"பாரும்மா" என்றாள் சுகிர்தா. "அஞ்சுலயும் வெரலு கதவப் பாத்து இருக்கு. நடந்து போற காலு இல்ல இது. நிக்கிற காலு. நீ எதுக்கு அங்க வந்து வந்து நின்ன?"

ஆவுடை தொட்டிப் பக்கம் நின்று ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"சாதம் ஆறிப் போகுது. எல்லாரும் கீழ வாங்க" என்றேன்.

இறங்கியது நான் மட்டும்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவராக வந்தார்கள், சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். யாரும் எள்ளோதரை கருகியிருக்கிறது என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பிள்ளை. தலையணையையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"ஏழாம் மாசம். படி ஏறக் கூடாதுடி."

"எறங்கினாத்தானம்மா ஏறணும்" என்றாள்.

இரண்டு வேளைச் சாப்பாட்டையும் அவர்தான் மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு தடவையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இந்த நோட்டில் இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். ஐந்து தடவையும் போய் நின்றேன். ஒவ்வொரு தடவையும் தாழ்ப்பாளில் கை வைத்தேன். யாராவது கூப்பிடுவார்கள், டீச்சர், குங்குமம் எங்கே, டீச்சர், போட்டோ எடுக்கணும். கையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். நான் நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று முப்பது வருடம் நினைத்திருந்தேன்.

காலை பதினொரு மணிக்கு மாடிக்குப் போனேன். சுகிர்தா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ஆவுடை படங்களைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் நின்னது ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம எப்படி வரைவேன்?"

"ஏன் ஒரு தடவகூடக் கூப்பிடல? உள்ள இருந்து ஒரு சத்தம் குடுத்திருந்தா..."

"நீ தொறப்பன்னு நெனச்சேன்." சுற்றுவதை நிறுத்தவில்லை. "ஒன் காலு தெரிஞ்ச ஒடனே எந்திரிச்சிருவேன். சேலையச் சரி பண்ணிக்கிருவேன். தலைய ஒதுக்கிக்கிருவேன். தொறந்ததும் வெளிய வரணும்ல, அதுக்கு. அஞ்சு தடவயும் அப்படித்தான் நின்னேன். சுகிர்தா கல்யாணத்தன்னைக்கி எனக்கு வயசு அம்பத்தி மூணு. அன்னைக்கும் எந்திரிச்சு நின்னேன்."

எனக்கு எந்த உதாரணமும் வரவில்லை.

இடுப்பில் இரண்டு கண்ணாடி வளையல் முடிந்து கொண்டுபோயிருந்தேன். எடுத்து நீட்டினேன். "பிள்ள எந்திரிச்சதும் நீ போட்டு விடு ஆவுடை."

அவள் வளையலைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"இப்ப யாரு இருக்கா இங்க?"

"நம்ம மூணு பேருந்தான்."

"அரங்குலயும் யாரும் இல்லாமத்தான் இருந்தேன். எல்லாரும் போனதுக்கு அப்புறம் சோறு குடுப்ப, மிச்சப் பூக் குடுப்ப. யாரும் இல்லாத எடத்துல வச்சு எனக்கு இனி எதுவும் குடுக்காத. சபையில கூப்பிட முடியும்னா கூப்பிடு. முடியலன்னா விட்டுரு, நான் கேக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. அது கோபமாக இருந்திருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும்.

வளையலைத் திரும்ப இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கி வந்தேன். மாலை நான்கு மணிக்குச் சாத்தூருக்குப் போன் போட்டேன். மரகதவல்லிதான் எடுத்தார்கள்.

"மதினி, ஒரு சேதி. பிள்ள பெறந்து தொட்டில் போடுற அன்னைக்கி, பிள்ளைய எடுத்துத் தொட்டில்ல போடுறது ஆவுடைதான். சபையில வச்சு, எல்லாருக்கும் முன்னால. அதுக்கு அப்புறந்தான் நானும் நீங்களும்."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"யோசிச்சுத்தான் பேசுறீகளா? பிள்ள நல்லபடியா வரணும்னு ஒங்களுக்கு நெனப்பு இல்லையா?"

"இருக்கு மதினி. போன தடவ நடந்ததுக்கு ஆவுடை காரணம் இல்ல. நீங்க சொன்ன அன்னைக்கே நான் இதச் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது எந் தப்பு."

"அப்ப எங்க வீட்டாளுக யாரும் அன்னைக்கி வர மாட்டாக. சொல்லிட்டேன். ஒங்க மருமகங்கிட்டயும் பேசுறேன்."

"பேசுங்க."

வைத்துவிட்டார்கள். எனக்குப் பயம் போகவில்லை. ஆரஞ்சும் மெழுகுவத்தியும் வைத்து எனக்கு நானே பாடம் எடுத்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. பயத்தோடுதான் சொன்னேன்.

நான் பேசியதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ள கூப்பிட்டா என்ன சொல்லப் போற?" என்றார்.

போன் அடிக்கிறது. சாத்தூரிலிருந்துதான். மாப்பிள்ளையின் பெயர் தெரிகிறது. எடுக்கப் போகிறேன்.